உதிரி, சரம், கிளை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் அறுபது செர்ரிக் கிளைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிளாஸ்டிக் தண்டு, துணியில் வெட்டி ஒட்டிய இளஞ்சிவப்பு இதழ். 2016இல் சென்னை பாரிமுனையில் மொத்த விலைக்கு வாங்கியவை. அன்றைக்கு இருந்த நிறம் இன்றைக்கு இல்லை. கழுவிய செங்கல் போல ஆகிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் தை முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்பு அவற்றை ஷாம்பு கரைத்த தண்ணீரில் முக்கியெடுத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துக் காயவைப்பேன். "அத்தை பூவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கல்யாண மேடை அலங்காரம் செய்து பிழைக்கும் எனக்கு அந்தச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

சித்திரையில் நாற்பது பாகை வெயில் காயும் வேலூரில் செர்ரி மரம் எப்படி முளைத்தது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கேட்டது ஓர் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். காட்பாடிப் பக்கத்து மண்டபம் ஒன்றில், மாசி மாதக் கல்யாணம். முதல் நாள் இரவு பத்து மணிக்கு வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணின் ஆயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேடை ஏறி வந்தார்.

"ஏம்மா, அரசாணிக்கால் எங்கே?"

"அதோ, வலது பக்கம் இருக்கிறதே ஆயா."

அவர் போய்ப் பார்த்தார். என் பிளாஸ்டிக் செர்ரிக் கிளைகளைக் கைத்தடியால் ஒதுக்கினார். பின்னால் அரசங்கிளையும் கல்யாண முருங்கைக் கிளையும் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, ஈர மண் நிறைத்த தொட்டியில் நட்டிருந்தார்கள். காலையில் நட்டபோது முருங்கைக் கிளையின் நுனியில் கருஞ்சிவப்பாக இரண்டு மொட்டுக் குலைகள் இருந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது அதில் ஒன்று விரிந்திருந்தது. புலி நகம் போல வளைந்த சிவப்பு இதழ்கள்.

"இது பூத்திருக்கிறது, பார்த்தாயா? இதை மறைப்பதற்கா இவ்வளவு செலவு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலுக்காக நிற்கவில்லை. மறுநாள் காலை வீடியோக்காரர் "அந்தக் குச்சியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள், ஃபிரேமில் இடிக்கிறது" என்றபோது, நகர்த்த முடியாது என்று சொன்னவள் நான்தான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வீடியோக்காரரிடம் மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை.

கல்யாண முருங்கை என்று அந்த மரத்துக்குப் பெயர் வந்ததே இந்தச் சடங்கினால்தான் என்று நைனா சொல்வார். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். வட ஆர்க்காட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். நைனா லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் நாற்பது ஆண்டுகள் பூக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பூ என்றால் இரண்டே வகை: உதிரி, சரம். உதிரியைப் படியால் அளப்பார், சரத்தை முழத்தால் அளப்பார். காம்பு என்பது வாழைநார் பிடித்துக்கொள்வதற்கு வேண்டிய கால் அங்குலம். அதற்கு மேல் நீண்டால் அவருக்கு எரிச்சல் வரும். "காம்புக்கா காசு கொடுக்கிறார்கள்?" என்பார். அவர் கடையில் வளர்ந்த நானும், ஒரு பூ மரத்தில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்காமலேயே முப்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

பழந்தமிழில் பூவை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ. எட்டாம் வகுப்பில் தமிழம்மா கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தது. கோடு என்றால் கிளை. அப்போது மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்ததை, அந்த ஆயாவின் கைத்தடி மறுபடி கிளறிவிட்டது. நிறத்தை வைத்தோ மணத்தை வைத்தோ பிரிக்கவில்லை. பூ எதன் மேல் நிற்கிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் முதலில் வருவது கிளை. நாமோ பறித்த மறுநொடியில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி உதிரி ஆக்கிவிடுகிறோம்.

இதைப் பெரிய ஞானோதயமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வியாபாரக் காரணமும் இருந்தது. மார்கழி, தையில் பனி இறங்கினால் மல்லி அரும்பு கட்டாது. சித்திரையில் கூவிக் கூவி விற்கிற அதே மல்லி, பொங்கலை ஒட்டிக் கிலோ ஆயிரங்களில் போகும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்ததும் ஒரே நாளில் ஊரில் உள்ள மண்டபம் அத்தனையிலும் மேளம் கேட்கும். பூ இல்லாத மாதத்தில்தான் பூவுக்கு அடிதடி. நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு நின்று, ஓசூர் ரோஜாக் கட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அது வருமா வராதா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ. அதே விடியலில், அதே மாதத்தில், ஊருக்கு வெளியே வேலிகளிலும் குன்றுச் சரிவுகளிலும் இலை இல்லாத கிளைகள் பூவாகச் சொரிந்துகொண்டிருந்தன. யாரும் விலை பேசாத பூ.

என் தங்கை வேலூரில் நர்சிங் படித்தவள். பல ஆண்டுகளாக ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். டிசம்பர் 4ஆம் தேதி, புனித பார்பரா நாளன்று, அங்கே ஒரு வழக்கம் இருக்கிறதாம். செர்ரி மரத்திலிருந்து மொட்டைக் குச்சிகளை வெட்டிக்கொண்டுவந்து வீட்டுக்குள் தண்ணீர்க் குவளையில் வைப்பார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்தக் குச்சி பூத்துவிடும். பூத்தால் வருகிற ஆண்டு நல்ல ஆண்டு. ஆண்டுதோறும் அவள் அனுப்பும் படத்தில் முதலில் வெறும் விறகுக்குச்சி இருக்கும், மூன்று வாரம் கழித்து வெள்ளைப் பூ இருக்கும். முன்பெல்லாம் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு மறந்துவிடுவேன். அந்த ஆயாவைப் பார்த்த கல்யாணத்துக்குப் பிறகு வந்த டிசம்பரில் தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்டேன்.

ஒரே ஒரு விதிதான் முக்கியம் என்றாள் அவள். வெட்டுவதற்கு முன்பு மரம் உறைபனியைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டு பனி பிந்திவிட்டால், வெட்டிய குச்சியை ஓர் இரவு ஃபிரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான நீரில் வைக்கிறவர்களும் உண்டாம்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து, வேலியில் வளர்கிற கிளைரிசிடியா மரத்தின் குச்சியை ஒரு கட்டு கொண்டுவந்து, ஐஸ்கட்டித் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஃபிரீசரில் திணித்தேன். காலையில் எடுத்து வெந்நீரும் தண்ணீரும் கலந்த வாளியில் வைத்தேன். இரண்டாம் நாள் பட்டை கறுத்தது. நான்காம் நாள் வேகவைத்த கீரைத்தண்டு போலத் தொளதொளத்தது. வீடெல்லாம் நாற்றம். "அக்கா, குளிர் என்றால் என்னவென்றே அந்த மரத்துக்குத் தெரியாதே, பாவம்" என்று தங்கை சிரித்ததில் அங்கே பக்கத்து அறைக்காரர்கள் எழுந்திருப்பார்கள்.

அவள் சிரிப்பில்தான் விஷயம் இருந்தது. செர்ரி, பிளம், மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சைத்தியா ஆகியவற்றின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. அதன் பிறகு அவை தூங்குகின்றன. ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் ஐந்து பாகைக்குக் கீழே குளிர் கிடைத்தால்தான் அந்தத் தூக்கம் கலையத் தயாராகும். குளிர் போதுமான அளவு சேர்ந்த பிறகு, ஜனவரி பிப்ரவரியில் கிளையை வெட்டி அறைக்குள் கொண்டுவந்தால், வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து ஒன்றிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்குள் பூக்கும். மேலைநாட்டுப் பூ அலங்காரக்காரர்கள் குளிர்காலம் முழுவதும் இந்த ஏமாற்றுவித்தையில்தான் தொழில் நடத்துகிறார்கள்.

வேலூரில் தை மாதக் காலைக் குளிர் 17, 18 பாகை. இதற்கே நாம் காதில் மப்ளர் சுற்றுகிறோம், மரம் அசைந்துகொடுக்காது. நம் மரங்களுக்கு மணி அடிப்பது குளிர் அல்ல, வறட்சி. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. மண் காய்கிறது. மரம் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள இலையை உதிர்க்கிறது. நீரை ஆவியாக்கிக்கொண்டிருந்த இலைகள் போனதும், வேர் உறிஞ்சுகிற கொஞ்சநஞ்ச ஈரம் தண்டிலேயே தங்கி மொட்டுகளைப் பெருக்க வைக்கிறது. மொட்டைக் கிளையில் பூ வருவதில் மரத்துக்கு வேறு ஆதாயமும் உண்டு: இலை மறைக்காததால் மைனாவுக்கும் தேன்சிட்டுக்கும் தூரத்திலிருந்தே தெரியும், இலவு போன்றவை கோடைக்காற்று வீசும்போது பஞ்சைப் பறக்கவிட்டு, மழைக்கு முன்னால் விதையை மண்ணில் சேர்த்துவிடலாம். ஆக, இங்கே கிளையை முன்கூட்டியே பூக்க வைக்கும் வித்தை பெரிதாகச் செல்லாது. மரம் எப்போது இலையை விடும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எவ்வளவு கடினம் என்பதை 2021 நவம்பர் காட்டியது. நீரில்லா ஆறு என்று கேலிக்கு ஆளான பாலாற்றில் கரைகொள்ளாத வெள்ளம். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. மண்ணில் ஈரம் தை முடியும்வரை நின்றது. என் வேலிக் கிளைரிசிடியாக்களோ இலையை விடாமல் பச்சைப்பசேலென்று நின்றன. மாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தன. ஒப்புக்கொண்ட இரண்டு மேடைகளுக்கு மாடிக் கொட்டகையைத் திறக்க வேண்டியதாயிற்று.

கிளைரிசிடியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாய்நாடு. கொக்கோச் செடிக்கு நிழல் தருவதற்காக வளர்த்ததால் ஸ்பானியர்கள் அதைக் கொக்கோவின் தாய் என்றார்கள். தாவரவியல் பெயருக்கு எலிக்கொல்லி என்று பொருள். விதையிலும் பட்டையிலும் எலிக்கு ஆகாத நஞ்சு உண்டு. நம் ஊருக்குத் தழை உரத்துக்காக வந்து, வரப்பிலும் வேலியிலும் குடியேறிவிட்டது. குச்சியை ஒடித்து நட்டால் போதும், வேர்விடும். இதனாலேயே யாரும் அதை மரமாக மதிப்பதில்லை. ஆனால் மாசி மாதம் காலை ஆறு மணிக்கு, ஒடுகத்தூர் சாலையில், பின்னால் ஜவ்வாது மலை நீலமாக நிற்க, ஒரு கிளைரிசிடியா வேலியைப் பாருங்கள். சாம்பல் நிறக் கிளை முழுவதும், இலை ஒன்றுகூட இல்லாமல், வெளிர் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். தங்கைக்கு ஒரு படம் அனுப்பினேன். "ஜப்பான் போயிருக்கிறாயா?" என்று கேட்டாள். அறுபது பிளாஸ்டிக் கிளைகள் எதைப்போல இருக்க ஆசைப்பட்டனவோ, அது பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி ஆட்டுத்தீவனமாக நின்றுகொண்டிருந்தது.

ஆட்டுத்தீவனம் என்பது அலங்காரச் சொல் அல்ல. முதல் தடவை வெட்டிக்கொண்டு வந்தபோது, வேலிக்குச் சொந்தக்காரரான அண்ணன் கோணிச்சாக்கை நனைத்துப் போர்த்தி அனுப்பினார். வழியில் டீக்கடையில் குட்டியானை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். திரும்பி வந்தால் பின்பக்கக் கதவு இறங்கியிருக்கிறது, மூன்று வெள்ளாடுகள் மேலே நின்று மேடை அலங்காரத்தை மென்றுகொண்டிருக்கின்றன. மேய்க்கிற தாத்தா தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஏம்மா, ஆட்டுக்கென்று ஏற்றிவந்தது இல்லையா?" என்று நிஜமான வியப்போடு கேட்டார். அவர் ஆயுள் முழுவதும் அந்தக் கிளையை வெட்டியது அதற்குத்தான். வண்டியைத் திருப்பினோம்.

எப்போது வெட்டுவது என்பதுதான் இதில் பாதி வித்தை. தமிழில் பூவின் பருவத்துக்கு இருக்கிற சொற்கள் எனக்கு அப்போதுதான் உண்மையாகவே உதவின: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ. வீ என்றால் உதிர்கிற பூ. கிளைரிசிடியா அலரிலிருந்து வீ ஆவதற்கு மிகவும் அவசரப்படும். முழுதும் விரிந்த கிளையை வெட்டினால் மண்டபம் போய்ச் சேர்வதற்குள் வண்டியில்தான் பூ இருக்கும், கிளையில் இருக்காது. கொத்தில் அடியில் உள்ள பூ முதலில் விரிந்து, நுனியை நோக்கிப் போகும். அடியில் இரண்டு மூன்று விரிந்து, மற்றவை நிறம் காட்டும் முகையாக இருக்கும்போது வெட்ட வேண்டும். விடியலுக்கு முன் வெட்ட வேண்டும். தண்டில் நீர் நிறைந்திருக்கும் நேரம் அதுதான். வெட்டிய உடனே வாளியில் வைத்து, இருட்டான அறையில் நான்கைந்து மணி நேரம் தொடாமல் விட வேண்டும். இத்தனையும் செய்தால் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள் நிற்கும். ஒரு வரவேற்புக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கும் அது போதும்.

கிளையின் அடியைச் சுத்தியலால் நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. நைனாவும் சொல்வார். இரண்டு வாளி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நசுக்கிய கிளைகள். மற்றொன்றில் சாய்வாக வெட்டி, அடியில் ஓர் அங்குலம் நேர்கோட்டில் பிளந்தவை. நசுக்கிய வாளியில் மூன்றாம் நாளே தண்ணீர் கொழகொழத்தது. நசுங்கிய நார் எல்லாம் அழுகி, கிருமி பெருகி, நீர் ஏறுகிற குழாயையே அடைத்துவிடுகிறது. பிளந்த வாளி தெளிவாக இருந்தது. நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் மோந்து பார்த்தார். "உன் சுத்தியல் சரியில்லை" என்றார்.

மற்ற மரங்களைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம்தான். கல்யாண முருங்கை கம்பீரமானது, ஆனால் முள் கையைக் கிழிக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு பொடிக் குளவி இலைக்காம்பில் முட்டையிட்டுக் கழலை கழலையாக வீங்கவைத்ததில் பல இடங்களில் மரமே நலிந்துவிட்டது. அரசாணிக்காலுக்குக் கிளை தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. புரசு, அந்தக் கறுப்பு வெல்வெட்டுப் புல்லியும் கிளிமூக்கு ஆரஞ்சுப் பூவும், மரத்தில் இருக்கும்வரை தீ. வண்டியில் ஏற்றினால் பாதி உதிரும். புரசைவாக்கத்துக்கே பெயர் கொடுத்த மரத்தைச் சென்னைக்காரர்கள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இலவம் பூ கனமானது. மேடையில் ஐயர் மந்திரம் சொல்லும்போது பின்னால் "தொப்" என்று விழும். வேப்பம்பூக் கிளை பங்குனியில் மேசைக்கு அத்தனை பொருத்தம், மணமும் மெல்லியது. ஆனால் வேப்பங்கிளையைக் கண்டதும் "வீட்டில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது?" என்று கேட்கும் ஊரில் அதை வரவேற்பு மேசையில் வைக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

கோங்கை நான் வெட்டுவதில்லை. மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு. மாசி, பங்குனியில் அந்த மொட்டைப் பாறை மலைகளை உற்றுப் பார்த்தால், பாறை இடுக்குகளில் அங்கங்கே மஞ்சள் பொட்டு தெரியும். அதுதான் கோங்கு. உள்ளங்கை அகல மஞ்சள் பூ, வளைந்த மொட்டைக் கிளையின் நுனியில். வெட்டினால் வாடிவிடும் என்பது ஒரு காரணம். காப்புக்காட்டில் கிளை வெட்டுவது குற்றம் என்பது இன்னொன்று. வேலி, வரப்பு, மின்கம்பியில் இடிக்கிறது என்று வெட்டிப்போட்ட கிளை, தோப்புக்காரர் கழித்த கிளை, இவை போதும் எனக்கு.

தோப்புக் கிளையில் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில், தை மாதம் சில கிளைகளைக் கழிக்க இருந்தார்கள். மாம்பூங்கொத்து எவ்வளவு அழகு என்று பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த கூம்பு, சிவந்த காம்பு, கீழே கரும்பச்சை இலை. மாமரத்துக்கு மட்டும் நம் ஊரிலும் கொஞ்சம் குளிர் வேண்டும், இரவுக் குளிர்தான் அதைப் பூக்கத் தூண்டுகிறது. குளிர் இல்லாத பிலிப்பைன்ஸில் மரத்தடியில் புகைமூட்டம் போட்டுப் பூக்க வைத்தார்களாம். 1970களில் ரமோன் பார்பா என்ற விஞ்ஞானி பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்து அதே வேலையை எளிதாக்கினார். இதையெல்லாம் படித்துவிட்டு, ரொம்பத் தெரிந்தவளாக, ஒரு வரவேற்பு மேடையின் இரு பக்கமும் மாம்பூக் கிளைகளை நிறுத்தினேன். விளக்கு போட்டார்கள். அரை மணி நேரத்தில் கொத்துகளிலிருந்து தத்துப்பூச்சிகள் கிளம்பி விளக்கை நோக்கிப் பறந்தன. அவை சுரந்த பிசுபிசுப்பு, கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்களின் பட்டுப்புடவையில் தூறல் போல விழுந்தது. மணமகளின் மாமா மகரந்தத்தில் தும்ம ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. சம்பளத்தில் பாதியைப் புடவை சலவைக்குக் கழித்துக்கொண்டார்கள். கழித்தது சரிதான். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் காயாக நிற்பது ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டையும் வெட்டுகிறோமே என்று தோப்புக்காரர் முகம் போன போக்கை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கிளையை எப்படி நிறுத்துவது என்பதைத் தங்கை அனுப்பிய, இக்கபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரக் கலையைப் பற்றிய ஒரு புத்தகத்தில் கற்றுக்கொண்டேன். ஜப்பானியர்கள் இதைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். சோகெட்சு மரபில், பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரை மடங்கு எடுத்தால் முதல் கிளையின் நீளம். அதில் முக்கால் இரண்டாவது. அதில் முக்கால் மூன்றாவது. முதல் கிளை ஏறக்குறைய நேராக, இரண்டாவது பாதி சாய்ந்து, மூன்றாவது படுத்தாற்போல. எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா அறுபது சென்டிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து உயரம். கணக்குப் போட்டால் முதல் கிளை ஐந்தடிக்கு மேல், இரண்டாவது நான்கடியை ஒட்டி, மூன்றாவது மூன்றடி. கல்யாண மேடைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அவர்கள் கிளையைச் செருக ஆணிப்படுக்கை வைத்திருக்கிறார்கள். மரக்கிளையின் கனத்துக்குப் பச்சை ஸ்பஞ்சு தாங்காது, மக்கவும் மக்காது. நான் அண்டாவில் ஜல்லியும் ஈரமணலும் போட்டேன்.

கணக்கு வந்துவிட்டது. வராதது ஒன்று உண்டு, அது வெற்றிடம். மூன்று கிளை நின்றால் நடுவில் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் கிளையின் வளைவைக் காட்டுவது. நம் வாடிக்கையாளர்களுக்குக் காலி இடம் என்றால் கஞ்சத்தனம். முதல் மேடையைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அக்கா, "நடுவில் பூ வைக்க மறந்துவிட்டீர்களே" என்றார். மணமகளின் அப்பா இன்னும் நேராகக் கேட்டார்: "வேலியில் வெட்டிய குச்சிக்கா எட்டாயிரம்?" அதிகாலை மூன்று மணி, வண்டி வாடகை, நான்கு ஆள் கூலி என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. கடைசியில் பயந்துபோய், ஐம்பது முழம் கனகாம்பரச் சரத்தை வாங்கி அந்தக் கிளைகளில் தோரணமாகத் தொங்கவிட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்தப் படத்தை இன்றைக்கும் பார்க்கப் பிடிப்பதில்லை. நைனாவுக்கு மட்டும் அதுதான் என் தொழில்வாழ்க்கையின் சிறந்த மேடை.

அதன் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மேடைக்குக் கேட்டதைக் கொடுக்கிறேன். மண்டபத்தின் நுழைவாயிலில், பன்னீர் தெளிக்கும் மேசைக்குப் பக்கத்தில், அண்டாவும் மூன்று கிளையும் என் விருப்பப்படி. அதற்குத் தனியாகப் பணம் கேட்பதில்லை. வருகிறவர்கள் சந்தனம் எடுத்துக்கொண்டு நிமிரும்போது அதைப் பார்க்கிறார்கள். சிலர் தொட்டுப்பார்க்கிறார்கள், நிஜமா என்று. "எங்கள் கொல்லையில் இருக்கிற மரம் போல இருக்கிறதே" என்று ஒருவர் சொல்லிவிட்டு, "இல்லை, இது வேறு" என்று தானே திருத்திக்கொண்டார். அது அவர் கொல்லையில் இருக்கிற மரமேதான்.

கல்யாணம் முடிந்ததும் கிளைகளைக் குப்பையில் போடுவதில்லை. பூ உதிர்ந்த கிளைகளைக் கட்டி, அடுத்த முறை அணைக்கட்டுக்குப் போகும் வண்டியில் அண்ணனுக்கே அனுப்பிவிடுகிறேன். தழை இல்லாவிட்டாலும் விறகாகும். போன மாசியில் ஒரு கிளை மட்டும் அண்டாவிலேயே தங்கிவிட்டது. ஈரமணல் காயவில்லை, நானும் கவனிக்கவில்லை. பங்குனி பிறந்து ஒரு நாள் அண்டாவைத் தேய்க்க எடுத்தபோது, கணுக்களில் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. மணலுக்குள் வெள்ளையாக நாலைந்து வேர். அண்ணனுக்குப் போன் செய்தேன். "கொண்டுவா, கிழக்கு வேலியில் ஓர் இடம் ஓட்டையாக இருக்கிறது, ஆடு அதன் வழியாகத்தான் வருகிறது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நைனாவும் வந்தார், வேலியைப் பார்க்க வேண்டுமாம். அண்ணன் கடப்பாரையால் குழி எடுத்தார். நைனா கிளையைப் பிடித்துக்கொண்டு, கோணலாக நிற்கிறது, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.